பசு பால் தருகின்றதா?

தமிழ்ப் பாடசாலையிற் பயின்றவர் எவரும் வாழ்நாளில் ஒரு முறையேனும் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. அதன் தலைப்பு "பசு". பசு ஒரு வீட்டு மிருகம் என்று அது தொடங்கும். நான்கு கால், இரண்டு கொம்பு, ஒரு வால் என்று உறுப்புகளை எண்ணும். பசு நமக்குப் பால் தருகின்றது என்று பயனைக் கூறும். ஆகவே பசுவை அன்புடன் வளர்த்தல் வேண்டும் என்று முடியும். நான் அதை எழுதினேன். என் ஆசிரியரும் எழுதியிருப்பார். முப்பது ஆண்டுகளாக என் மாணாக்கரும் எழுதி வருகின்றனர்.

சென்ற தவணையில் எட்டாம் வகுப்புக்கு வழக்கம்போல அதே கட்டுரையைக் கொடுத்தேன். 34 கொப்பிகள் வந்தன. 33 கொப்பிகளிற் பசு பால் தந்தது. ஒன்றில் மட்டும் தரவில்லை. "பசு நமக்குப் பால் தருவதில்லை. அது தன் கன்றுக்குச் சுரக்கின்றது. நாம் எடுத்துக்கொள்கின்றோம்" என்று ஒரு மாணாக்கி எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையினாற் கோடிட்டு, ஓரத்தில் "பிழை" என்று எழுதி, இரண்டு புள்ளிகளையும் குறைத்தேன்.

மறுநாள் அவள் கொப்பியுடன் என் மேசைக்கு வந்தாள்.

"ஐயா, இதில் எது பிழை? எழுத்தா, சொல்லா, பொருளா?" என்றாள்.

அது நான் கற்பித்த வினா. பிழை கண்டால் அஃது எழுத்துப் பிழையோ, சொற்பிழையோ, பொருட்பிழையோ என்று பகுத்துக் கூறல் வேண்டும் என்று அவ்வகுப்புக்குச் சொன்னவன் நானே. வாக்கியங்களை மீண்டும் படித்தேன். எழுத்திற் பிழை இல்லை. சொல்லிற் பிழை இல்லை. பொருளிற் பிழை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்ல முடியவில்லை. அவள் வீட்டில் இரண்டு பசுக்களும் ஏழெட்டு ஆடுகளும் உள. விடியற்காலையிலே தாய்க்குக் கன்று பிடித்துக் கொடுத்துவிட்டே அவள் பாடசாலைக்கு வருகின்றாள். என் வீட்டுக்கோ பால் போத்தலில் வருகின்றது.

"நாளைக்குச் சொல்கிறேன், பிள்ளை" என்று அனுப்பினேன். அந்த நாளை வருவதற்கு மூன்று கிழமைகள் ஆயின. அம்மூன்று கிழமைகளும் வகுப்பில் நிகழ்ந்தவற்றை ஆசிரிய நண்பர்களுக்குப் பயன்படும் என்று கருதி ஈண்டு எழுதுகின்றேன்.

சொல்லும் வரையறையும்

தமிழாசிரியன் சொல்லிலிருந்தே தொடங்குவான். கரும்பலகையில் "கால்நடை" என்று எழுதினேன். அதன் அருகில் "மாடு" என்று எழுதினேன். மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்பதும் பொருள். கல்வியைப் பற்றிய அதிகாரத்தில் வள்ளுவர் அப்பொருளிலேயே அதனை ஆண்டிருக்கின்றார். இலத்தீன் மொழியிலும் பணத்தைக் குறிக்கும் பெக்கூனியா என்னும் சொல், கால்நடையைக் குறிக்கும் பெக்குஸ் என்பதனோடு உறவுடையது. நாணயம் தோன்றுமுன் மனிதன் தன் செல்வத்தைத் தொழுவத்தில் எண்ணினான். அது காலையில் மேயப்போய் மாலையில் வீடு திரும்பும் செல்வமாய் இருந்தது.

அப்போது ஒரு மாணவன் எழுந்து, "கோழிக்கு இரண்டு கால்தானே ஐயா? தேனீயோ பறக்கின்றது. அவையும் கால்நடையா?" என்றான். நல்ல ஐயம். பெயரை விட்டு இலக்கணத்துக்குப் போனோம். ஓர் உயிரை வளர்ப்புயிர் என்று கொள்வதற்கு நான்கு வினாக்களை வகுப்பே கூடி அமைத்தது. அதன் இரை யார் கையில்? அதன் ஈற்றுப் பெருக்கம் யார் விருப்பில்? அதன் பயன் யாருக்கு? நாம் கைவிட்டால் அதன் கதி யாது?

முதல் மூன்றையும் பிள்ளைகள் எளிதிற் சொல்லிவிட்டார்கள். நான்காவது வினாவைக் கேட்டவள் கொப்பியுடன் வந்த அந்த மாணாக்கி.

யானையை வைத்து இவ்வினாக்களைச் சோதித்தோம். கோயிலிலும் பெரஹராவிலும் யானை உண்டு. மரம் இழுத்தது, போர் செய்தது. ஆயினும் அது பண்ணை விலங்கு ஆகவில்லை. காட்டிற் பிறந்ததைப் பிடித்துப் பழக்குவதே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வழக்கமாய் இருந்தது. யானையின் சூல் ஏறத்தாழ 22 மாதங்கள் நீள்வது. ஈன்ற கன்று வேலைக்கு உரிய பருவம் அடையப் பத்தாண்டுக்கு மேலாகும். அதுவரை தீனி போட எவராலும் இயலாது. ஆகவே பழக்கிய விலங்கு வேறு, வளர்த்த விலங்கு வேறு என்பது தெளிவாயிற்று.

தரையில் எழுதிய மரபியல்

மறுநாள் வெண்கட்டியாற் சீமெந்துத் தரையில் ஆறு கட்டங்கள் கீறினோம். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் அளவினால் ஆறாக வகுத்தார். புல்லும் மரமும் ஓரறிவின. நத்தை முதலாயின ஈரறிவின. கறையானும் எறும்பும் மூவறிவின. நண்டும் தும்பியும் நான்கறிவின. விலங்கு ஐயறிவினது. மக்கள் ஆறறிவினர். தேனீக்கு நான்கறிவே என்பதை இன்றைய உயிரியல் ஒப்பாது என்று விஞ்ஞானத்தில் விருப்புள்ள பிள்ளைகள் சொன்னார்கள். ஒப்பாதுதான். எனினும் பொருள்களை அடுக்குதற்கு ஓர் அலுமாரி வேண்டும். நம் முன்னோர் செய்து வைத்த அலுமாரியில் அடுக்கிப் பார்ப்போம் என்றேன்.

பழைய நாட்காட்டித் தாள்களைத் துண்டுகளாக வெட்டிக் கொடுத்தேன். ஒவ்வொருவரும் நூலகத்திற் படித்தோ, வீட்டாரிடம் கேட்டோ ஒரு வளர்ப்புயிரின் பெயரை எழுதி வந்து, உரிய கட்டத்தில் வைத்து, நான்கு வினாக்களுக்கும் விடை கூறல் வேண்டும். பசு, ஆடு, கோழி என்னும் மூன்றையும் விலக்கினேன். அவற்றை விலக்காவிடின் 34 தாள்களிலும் அவையே வரும். ஓரறிவுக் கட்டம் பயிர்த்தொழிலுக்கு உரியதாகையால் அதனை வெறுமையாக விட்டோம்.

ஈரறிவுக் கட்டத்தில் முதலில் வந்தது முத்துச் சிப்பி. மன்னார்க் கடலின் முத்து பழங்காலந் தொட்டுப் பிறநாட்டார் அறிந்தது. ஆனால் அது வளர்ப்பன்று, வேட்டையே என்று ஒரு மாணாக்கி வாதித்தாள். குளித்தவன் எடுத்தான், அவன் எதையும் வளர்க்கவில்லை என்றாள். வளர்ப்பு யப்பானில் நிகழ்ந்தது. மிக்கிமோத்தோ என்பவர் 1893இல் சிப்பியினுள்ளே ஒரு கருப்பொருளை வைத்து அரைக்கோள வடிவான முத்தை விளைவித்தார். அந்நியப் பொருளால் உறுத்தப்பெறும் சிப்பி, தன்னைக் காத்தற்பொருட்டு அதன்மேற் பூசும் பூச்சே முத்து. "அப்படியானால் சிப்பியும் முத்தைத் தரவில்லை" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. வகுப்புச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

அடுத்துக் கரையோரத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் கடலட்டையை வைத்தான். அட்டை என்பது பெயரே ஒழிய அது குருதி குடிக்கும் அட்டையினம் அன்று. நட்சத்திர மீனுக்கு உறவு. கண்ணும் இல்லை, செவியும் இல்லை. மணலை உண்டு, அதில் உள்ள உணவுச் சத்தைக் கொண்டு, மணலை வெளியே விடும். அண்மைய ஆண்டுகளில் வடபகுதிக் களப்புகளில் வலையடைப்புகளுள் அது வளர்க்கப்படுகின்றது. உலர்த்திச் சீன தேசத்துக்கு அனுப்பப்படுகின்றது. "பயன் யாருக்கு?" என்னும் வினா வந்தபோது வகுப்பு இரண்டாய்ப் பிரிந்தது. தன் மாமன் பண்ணை வைத்த பின்னரே வீட்டுக் கடன் தீர்ந்தது என்றான் ஒருவன். அடைப்பு வந்தபின் தந்தை தொழில் செய்த இடத்தில் வலை விரிக்க முடியவில்லை என்றான் மற்றவன். இருவர் கூற்றும் மெய். வயலுக்கு வரம்பு உண்டு. கடலுக்கு வரம்பு கட்டும்போது எவரைக் கேட்டுக் கட்டுவது? அவ்வினாவைத் தாளிற் குறித்துக்கொண்டோம். விடை கூறும் தகுதி எனக்கில்லை.

மூவறிவுக் கட்டத்தில் எதை வைப்பது என்று எவருக்கும் தெரியவில்லை. நானே உதவினேன். பயற்றங்கொடியின் தளிரில் அழுக்கணவன் மொய்த்திருக்கும்போது அங்கே எறும்பு ஏறி இறங்குவதைக் கண்டிருக்கிறீர்களா? அழுக்கணவன் சாற்றைக் குடித்து இனிய கழிவை வெளியிடும். எறும்பு தன் உணர்கொம்பினால் அதனைத் தடவ, ஒரு துளி வரும். அதனை எறும்பு உண்ணும். மாறாக அழுக்கணவனைத் தின்ன வரும் வண்டுகளை எறும்பு துரத்தும். எறும்பைக் கால்நடையாக வைக்க வந்தோம். அதுவோ இடையனாக நின்றது. "எறும்பு காவலுக்கு நிற்கின்றது ஐயா, சும்மா எடுக்கவில்லை" என்றாள் அந்த மாணாக்கி.

நான்கறிவுக் கட்டம் நிறைந்துவிட்டது. தேனீ வந்தது, பட்டுப்புழு வந்தது. பட்டுப்புழுவைப் போல மனிதனிடம் முற்றாக அடைக்கலம் புகுந்த உயிர் வேறொன்றைக் காண்டல் அரிது. முசுக்கட்டை இலையை ஏறக்குறைய நான்கு கிழமை ஓயாது தின்று, பல நூறு மீற்றர் நீளமுள்ள ஒரே இழையால் அது கூடு கட்டும். அந்துப்பூச்சியாகி வெளிவந்தால் இழை அறும். ஆகவே கூட்டோடு சூடேற்றிக் கொன்றுவிடுவர். இனத்துக்கென விடப்பெறும் அந்துக்குச் சிறகு உண்டு. பறக்கும் வலி இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதன் கையில் வளர்ந்ததன் பயன் இது. நாம் கைவிட்டால் அது பிழைக்காது. பட்டுச் சேலை இல்லாத மங்கல வினை நம்மிடையே உண்டா என்று நினைத்துக்கொண்டேன்.

நாகதாளியில் வாழும் கொச்சினீல் என்னும் சாயப் பூச்சியும் அக்கட்டத்துக்கு வந்தது. மெக்சிக்கோ நாட்டுப் பழங்குடிகள் செஞ்சாயத்துக்காக வளர்த்த பூச்சி அது. ஓர் இறாத்தற் சாயத்துக்கு ஏறக்குறைய 70,000 பூச்சிகள் வேண்டும். அச்சாயத்தில் ஆசை கொண்டு 1795இல் பிரேசில் நாட்டிலிருந்து ஒரு வகையைக் கல்கத்தாவுக்குக் கொணர்ந்தனர். வந்தது தரங்குறைந்த வேறு வகை. சாயம் தேறவில்லை, ஆனால் பூச்சி நாகதாளியைத் தின்று அழித்தது. இதைக் கண்டு, 1860களில் நாகதாளிப் புதர்களை ஒழிக்கவென்றே அதனை இலங்கைக்கும் கொணர்ந்தார்கள். வளர்க்க எண்ணி எடுத்த பூச்சி இவ்வாறு களையழிக்கும் கூலியாளாயிற்று.

மறியும் நாகும்

ஐயறிவுக் கட்டம் வந்தபோது எனக்கு ஒரு மகிழ்ச்சி காத்திருந்தது. விலங்கின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியவற்றை மரபியல் வகுத்துக் கூறுவதை விளக்கி, ஆட்டின் இளமைப் பெயர் மறி என்றேன். "எங்கள் வீட்டில் மறி என்றால் பெட்டை ஆடு ஐயா" என்றாள் மாணாக்கி. பெண்பாற் பெயராகிய நாகு என்பதை எழுதியதும், "அது தெரியும், இன்னும் கன்று போடாத பசு" என்றாள். நான் உரையாசிரியர்களைத் துணைக்கொண்டு கற்பிக்கும் சொற்கள் அவள் வீட்டுத் தொழுவத்தில் நாள்தோறும் வழங்குகின்றன. அன்று பாடத்தை அவளே நடத்தினாள். நாம்பன் எது, கிடாய் எது, கொக்கத்தடியால் எந்தக் குழையை முறிக்கலாம், எந்தக் குழையைத் தின்றால் ஆட்டுக்கு வயிறு ஊதும் என்பனவற்றை அவள் கூற, மற்றையோர் எழுதிக்கொண்டனர். தொழுவம் உள்ள வீட்டுப் பிள்ளை என்று அவளைச் சிலர் கேலி செய்வதை நான் அறிந்திருந்தேன். அன்றைக்குப் பிறகு அக்கேலி என் காதில் விழவில்லை.

நிற்க. அக்கட்டத்தில் கலைமான் வந்தது. ஐரோப்பாவின் வடகோடியில் வாழும் சாமி மக்கள் கலைமானின் காதை வெட்டிக் குடும்பக் குறி இடுவர்; வன்னியில் மாட்டுக்குக் குறிசுடுவதை நினைந்து பிள்ளைகள் வியந்தனர். தென்னாபிரிக்காவின் தீக்கோழி வந்தது. ஐரோப்பியப் பெண்கள் தொப்பியில் இறகு சூடிய காலத்தில், பொன், வைரம், கம்பளி ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அந்நாட்டிலிருந்து ஏற்றுமதியானது தீக்கோழி இறகே. 1914இல் உலகப் போர் மூண்டது, அலங்காரமும் மாறியது, சந்தை வீழ்ந்தது. பொன்னாக மதிக்கப்பெற்ற பறவைக்குத் தீனி போடுவார் இலராயினர்.

கடைசியாக ஒரு மாணவன் "நெடுந்தீவுக் குதிரை" என்று எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். ஒல்லாந்தர் அத்தீவிற் குதிரை வளர்த்தனர். இலாயத்தின் சிதைவுகள் இன்றும் உள. பின்னர்ப் பண்ணை கைவிடப்பட்டது, குதிரைகள் எஞ்சின. அவற்றின் வழித்தோன்றல்கள் இன்றும் கல்லும் முட்செடியும் நிறைந்த வெளியிற் கூட்டங்கூட்டமாகத் திரிகின்றன. கோடையில் நீரின்றி அவை மடிகின்றன என்னும் செய்தியைப் பத்திரிகைகளிற் பலமுறை படித்திருக்கின்றோம். 2015இல் தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. மன்னார் வீதிகளில் உடையவர் இன்றித் திரியும் கழுதைகளின் கதையும் ஏறக்குறைய இதுவே.

"இது வளர்ப்புயிரா, காட்டுயிரா?" என்று அவன் கேட்டான். இரையும் ஈற்றும் இன்று மனிதன் கையில் இல்லை; பயனும் இல்லை. முதல் மூன்று வினாக்களின்படி அது வளர்ப்புயிர் அன்று. நான்காம் வினா மட்டுமே எஞ்சியது. கைவிட்டால் கதி யாது? நெடுந்தீவுக் குதிரையே அதற்கு விடை. அவன் அத்தாளை ஐந்தாம் கட்டத்துக்கும் ஆறாம் கட்டத்துக்கும் இடையே உள்ள கோட்டின்மேல் வைத்தான். அதை நான் மாற்றவில்லை.

தாளின் மறுபுறம்

ஆறாம் கட்டம் வெறுமையாய்க் கிடந்தது. மனிதனை எவரும் வளர்ப்பதில்லை. அங்கே எதை வைப்பது? ஒவ்வொருவரும் தம் தாளைத் திருப்பி, பின்புறத்திலே "கடன்" என்று தலைப்பிட்டு, அவ்வுயிருக்கு நாம் செலுத்த வேண்டியது யாது என்று எழுதி ஆறாம் கட்டத்தில் வைக்குமாறு சொன்னேன். முன்புறத்திற் பயனை நிரப்ப ஐந்து நிமிடம் போதியதாய் இருந்தது. பின்புறத்துக்கு ஒரு பாடவேளை முழுவதும் போதவில்லை. பட்டுப்புழுவை வைத்தவன் வெறுந்தாளையே தந்தான். "எனக்குத் தெரியவில்லை ஐயா" என்றான். அதற்கும் புள்ளி கொடுத்தேன்.

அந்த மாணாக்கியின் தாளில் இரண்டு செய்திகள் இருந்தன. தங்கள் வீட்டில் ஆட்டுக்குட்டிகளை விற்பார்கள் என்றும், விற்ற அன்று தாய் ஆடு இரவெல்லாம் கத்தும் என்றும், அன்றைக்கு அம்மா அதற்கு இரண்டு கட்டுக் குழை கட்டிவிடுவார் என்றும் எழுதியிருந்தாள். பசுவைக் கறக்கும்போது முதலிற் கன்றை ஊட்டவிட்டுச் சுரந்தபின் கட்டுவார்கள் என்றும், மூன்று காம்பைக் கறந்து ஒன்றைக் கன்றுக்கு விட்டுவிடுவார்கள் என்றும் எழுதியிருந்தாள். விற்பதை அவள் மறைக்கவில்லை, கறப்பதையும் மறைக்கவில்லை. கன்றின் பங்கையும் சேர்த்துக் கணக்குக் காட்டியிருந்தாள். முப்பது ஆண்டுகளாக நான் படித்த பசுக் கட்டுரைகளில் இந்தக் கணக்கு இருந்ததில்லை. "அன்புடன் வளர்த்தல் வேண்டும்" என்னும் முடிப்பு வாக்கியத்துக்கு இதுவே பொருள் என்று அன்றுதான் விளங்கிக்கொண்டேன்.

இனி, அவள் கேட்ட வினாவுக்கு விடை. மூன்றாம் கிழமை வெள்ளிக்கிழமை அவளை அழைத்து, வகுப்பறியச் சொன்னேன். தருதல் என்னும் சொல் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது. ஆகையால் "நமக்குத் தருகின்றது" என்பதில் இலக்கண வழு இல்லை. ஆயினும் இரந்து கேட்கும்போது ஆளும் சொற்கள் மூன்று என்றும் தொல்காப்பியர் கூறினார். உயர்ந்தோன் தாழ்ந்தோனிடம் கேட்டால் "கொடு" என்பான். ஒத்தவன் ஒத்தவனிடம் "தா" என்பான். தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் "ஈ" என்பான். பசுவினிடம் நாம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்பதானால் எந்தச் சொல்லாற் கேட்போம் என்று வகுப்பை வினாவினேன். "ஈ" என்று பலர் ஒருமிக்கச் சொன்னார்கள்.

அவள் கொப்பியில் நான் எழுதிய "பிழை" என்னும் சொல்லின் கீழே, "என்னுடையது" என்று எழுதிக் கையொப்பம் இட்டு, இரண்டு புள்ளிகளையும் திருப்பிக் கொடுத்தேன்.

அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் பால் குடிக்கலாமா ஐயா?" என்றாள்.

"குடிக்கலாம் பிள்ளை. கன்றின் பங்கை விட்டுவிட்டுக் குடிக்கலாம்" என்றேன்.

ஆசிரிய நண்பர்களே, இப்பாடத்துக்கு வேண்டுவன ஒரு வெண்கட்டியும் சில பழந்தாள்களுமே. அடுத்த தவணையில் நீங்களும் "பசு" என்று கட்டுரை கொடுப்பீர்கள். கொடுக்கும்போது தாளின் மறுபுறத்தையும் எழுதச் சொல்லுங்கள். எவரேனும் ஒரு பிள்ளை பசு பால் தருவதில்லை என்று எழுதினால், சிவப்பு மையைத் தொடுமுன் அப்பிள்ளையின் வீட்டில் விடியற்காலையிற் கன்று பிடிப்பவர் யார் என்று விசாரியுங்கள்.